நூறு மில்லி ஆற்றுத் தண்ணீர்

பயணப் பெட்டியில் கனமான பொருள்களை அடியில் வைக்க வேண்டும். பலர் துணியை முதலில் அடுக்கிவிட்டு, செருப்பைக் கடைசியில் திணிக்கிறார்கள். பெட்டியை நிமிர்த்தியதும் எல்லாம் ஒரு பக்கம் சரிந்துவிடுகிறது. நீங்கள் இதைக் கேட்கவில்லை. ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். ஆரம்பம் பெட்டிதான்.

என் பெயர் தியாகேசன். வயது அறுபத்து மூன்று. துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைத் தெருவில் சொந்த வீடு. வீட்டில் நான், என் மனைவி ஈஸ்வரி, என் பெரியப்பா இளையபெருமாள். மூன்றாவது பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து இன்னும் நீக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

கப்பல் சிறியது. நாற்பது பயணிகள். பெரிய கப்பலில் ஏறுகிறவர்கள் சாப்பிடப் போகிறவர்கள், சிறிய கப்பலில் ஏறுகிறவர்கள் பண்பாட்டுக்காகப் போகிறவர்கள் என்று நிறுவனத்தின் கையேடு சொன்னது. பினாங்கில் ஏறி, கடாரம் என்று நாம் படித்த இடத்தைப் பார்த்து, சுமத்ராவின் கரையோரமாகச் சுற்றித் திரும்ப ஒன்பது நாள். சோழர் படை போன வழி. படைக்கு ஏசி அறை இருந்ததா என்பது பற்றிக் கையேட்டில் எதுவும் இல்லை.

அறைகள் சிறியவை என்பதால் ஒருவருக்குப் பதினைந்து கிலோ. கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலில் பருத்தி உடை, வழுக்காத காலணி, கடல் மயக்கத்துக்கு மாத்திரை, திறந்த மனம் என்று இருந்தது. கடைசிப் பொருளுக்கு எடை இல்லை. அதைச் சேர்த்துக்கொண்டேன்.

பயணிகளுக்கு ஒரு வாட்ஸப் குழு. அமைப்பாளர் சுவேதா என்ற சென்னைப் பெண். சூர்யபிரகாஷ் என்ற பல் மருத்துவர் கப்பலில் தயிர்சாதம் உண்டா என்று கேட்டார். அறுபத்து மூன்று பதில்கள் வந்தன. கடாரத்துக் கோயில் அடித்தளங்களைப் பற்றி நான் ஒரு கட்டுரை அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. அதுவும் சுவேதாவுடையது.

ஆனால் அந்தக் கட்டைவிரலால்தான் எனக்கு அழைப்பு வந்தது. கடாரத்துக் கரையில் கப்பல் நிற்கும் மாலையில் மேல்தளத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும். தலைப்பு, சோழரும் நீரும். "நீங்க தஞ்சாவூர்க்காரர் சார். உங்க வாயால கேட்டா எல்லாருக்கும் சிலிர்க்கும்" என்றாள். எங்கள் ஊர்க் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. நான் படித்ததில்லை. சின்ன வயதில் அதன்மேல் கரியால் மூன்று ஸ்டம்பு வரைந்து கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். அதைச் சொல்லவில்லை. நாற்பது வருடம் அலுவலகத்தில் மற்றவர்கள் பேசக் கேட்டுக் குறிப்பெடுத்தவன் நான். பத்து நிமிடம் எனக்குப் பெரிய காலம்.

பேச்சுக்கு முன்னோட்டமாகக் குழுவில் சதய நட்சத்திரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். ராஜராஜன் பிறந்த நட்சத்திரம். முப்பத்தொரு பேர் கைகூப்பினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

சுவேதா இன்னொன்றும் சொன்னாள். ஒவ்வொருவரும் தங்கள் ஊர் ஆற்றிலிருந்து நூறு மில்லி தண்ணீர் கொண்டுவர வேண்டும். என் பேச்சு முடிந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று கடலில் ஊற்றுவோம். அடையாறு, கூவம் என்று சிலர் எழுதிச் சிரித்தார்கள். காவிரி என்று எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது பெரியப்பா.

எனக்குப் பத்து வயதில் அப்பா போனார். பெரியப்பா அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. ஐந்து ஏக்கரை அவரே பார்த்தார். என்னைப் படிக்க வைத்தார். இதெல்லாம் அக்கம்பக்கத்தில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். மூன்று வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சு கொஞ்சம் குழறும். புத்தி குழறவில்லை. எண்பத்து நான்கு வயது.

அவருக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் நான். இது உங்கள் கேள்விக்குப் பதிலின் முதல் பாதி.

இந்தப் பயணத்துக்கு நாங்கள் முன்பே இரண்டு முறை பதிவு செய்திருந்தோம். முதல் முறை, கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. திருப்பனந்தாளிலிருந்து அவருடைய தங்கை, என் பூவம்மாள் அத்தை, வந்து உட்கார்ந்து அழுதது. ரத்து செய்தேன். கப்பல் புறப்பட்ட மறுநாள் பெரியப்பா எழுந்து சாய்ந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். இரண்டாம் முறை காய்ச்சல். அப்போதும் கப்பல் போன பிறகுதான் இட்லி. மூன்றாம் முறை தேதியை மாற்ற முடியாது என்று நிறுவனம் எழுதிவிட்டது.

மருத்துவரிடம் கேட்டேன். "ஒரு மாசமும் இருக்கலாம், மூணு வருஷமும் இருக்கலாம் சார். எப்படிச் சொல்றது?" என்றார். இவ்வளவு படித்தவர் இப்படிச் சொன்னால் மற்றவர்கள் எப்படித் திட்டமிடுவது?

அவர் உறுதியாகச் சொன்னது ஒன்றுதான். விழுங்கும் தசை பலவீனமாக இருக்கிறது. கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். படுத்த நிலையில் தண்ணீர் கூடவே கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நான் அதைப் பெரிய எழுத்தில் எழுதி அறைச் சுவரில் ஒட்டினேன். பார்த்துக்கொள்ள வருகிற நாகம்மாளுக்கு இரண்டு முறை படித்தும் காட்டினேன். பொறுப்பில்லாதவன் இதைச் செய்யமாட்டான்.

பெட்டியைப் பெரியப்பாவின் அறையில் வைத்துத்தான் அடுக்கினேன். அங்கேதான் உத்தரத்தில் பழைய ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. தொங்கு தராசை அதில் மாட்டி, பெட்டியை அதில் தொங்கவிடுவேன். அவர் படுத்தபடி பார்ப்பார்.

"பதினாறுடா" என்பார்.

தராசு பதினாறு கிலோ நூறு கிராம் காட்டும்.

"எப்படிச் சொல்றீங்க?"

"மூட்டை தூக்கினவனுக்குக் கயிறு தொங்குறதப் பாத்தாலே தெரியும். அந்த சோழன் எத்தன கிலோடா எடுத்துட்டுப் போனான்?"

"அவங்களுக்குக் கணக்கு இல்ல பெரியப்பா."

"அப்ப அவன்தான் ராசா. நீ கூலி."

ஈஸ்வரி வாசற்படியில் நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு சட்டையை எடுத்து வெளியே வைத்தேன்.

ஜூலை மாதம் தஞ்சாவூரில் ஒரு தொப்பி வாங்கினேன். துணித் தொப்பி, மடித்தால் கைக்குட்டை அளவு. பெரியப்பா அதைப் பார்த்தார்.

"தொப்பி யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உனக்கு எங்கப்பன் முடி. எண்பது வயசுலயும் கொட்டாது. பெரிய மனுஷன் ஆயிட்டியா?"

"கடல் வெயில் பெரியப்பா."

"அதானே. இங்க அடிக்கிறது வேற வெயிலு."

ஈஸ்வரியும் அதையே கேட்டாள். கடல் வெயில் என்றே அவளிடமும் சொன்னேன். எங்கள் பக்கம் கொள்ளி வைப்பவனுக்கு மொட்டை அடிப்பார்கள். மொட்டைத் தலையோடு நான்கே நாளில் கப்பலின் மேல்தளத்தில் நின்றால் தோல் உரிந்துவிடும். கையேட்டில் இப்படிப்பட்ட விஷயங்கள் இருக்காது. நாமே யோசிக்க வேண்டும்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். மெதுவாக எழுதுங்கள், மேடம். எனக்கு அவசரம் இல்லை. உங்கள் சட்டையில் பெயரைப் பார்த்தேன். குந்தவை. நல்ல பெயர். குழுவில் சொன்னால் மகிழ்ந்துபோவார்கள்.

ஜூலை ஒன்பதாம் தேதி ஒரு தாளில் அட்டவணை போட்டேன். அலுவலகத்தில் ஜமாபந்திக்கு, வருடாந்தரக் கணக்குத் தணிக்கைக்கு, அப்படித்தான் போடுவோம். முடிய வேண்டிய நாளை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஆகஸ்டு இருபத்திரண்டு, பினாங்கில் கப்பல். இருபத்தொன்று, திருச்சியில் விமானம். இருபது, ஓய்வு. பத்தொன்பது, பெட்டியைக் கடைசியாகச் சரிபார்த்தல். பதினெட்டு, கருமாதி. கருமாதி பதினாறாம் நாள். அங்கிருந்து பின்னால் எண்ணினால் ஆகஸ்டு மூன்று வருகிறது.

ஆகஸ்டு மூன்று ஆடிப்பெருக்கு. இதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. எண்ணி வந்தபோது அங்கே இருந்தது. அன்று தெருவில் ஒரு பெண்ணும் வீட்டில் இருக்கமாட்டாள். சித்திரான்னம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போய்விடுவார்கள். நாகம்மாளும் போவாள். இவ்வளவு பொருத்தமாக அமைந்ததை மீறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவரை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கப்போகிறீர்கள். ஏற்பாடு இருந்தது. நாகம்மாள் இரவும் தங்குவதாகச் சொல்லியிருந்தாள். அத்தை வருவதாக இருந்தது. பெரியப்பாவே ஒருநாள் சொன்னார்.

"போய்ட்டு வாடா. நீ வர்ற வரைக்கும் நான் சாகமாட்டேன்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"சத்தியமா. ஒன்பது நாள்தானே? தம் கட்டிக் கெடக்கேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அதை நம்பி யாரும் அட்டவணை போட முடியாது. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, நடுக்கடலில் செய்தி வந்தால்? கப்பல் திரும்பாது. வேறு யாரோ கொள்ளி வைப்பார்கள். என் கையால்தான் அது நடக்க வேண்டும் என்று அவர் பல முறை சொல்லியிருக்கிறார். அவருடைய ஒரே ஆசை அது. அது நிறைவேறுவதை நான் உறுதி செய்தேன். இது பதிலின் மறுபாதி.

அவருக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. ஜூன் மாதம் மேட்டூர் திறந்ததிலிருந்து தினமும் நாகம்மாளிடம் கேட்பார். "தண்ணி வந்துடுச்சா?" வந்துவிட்டது என்று சொன்ன நாளிலிருந்து, "ஒரு மடக்கு கொடு" என்பார். அவள் சுவரைக் காட்டுவாள். "அய்யா ஒட்டி வெச்சிருக்காரு பாருங்க" என்பாள். மூன்று வருடமாக அவர் ஆற்றுத் தண்ணீர் குடிக்கவில்லை. விவசாயி.

ஆடிப்பெருக்கன்று காலை நானே படித்துறைக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தேன். கலங்கல் கொஞ்சம் இருந்தது. துணியில் வடிகட்டினேன். பத்தரை மணிக்கு ஈஸ்வரியும் நாகம்மாளும் கிளம்பினார்கள். "பெரியப்பாவுக்குக் கஞ்சி கலந்து வெச்சிருக்கேன். பதினொரு மணிக்குக் கொடுங்க" என்று ஈஸ்வரி சொல்லிவிட்டுப் போனாள்.

கஞ்சி கொடுக்கவில்லை. கட்டிலின் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை இறக்கினேன். முழுவதும் சமமாகும் வரை.

"என்னடா இறக்குற?"

"ஆத்துத் தண்ணி கொண்டாந்திருக்கேன் பெரியப்பா."

அவர் முகம் மலர்ந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. "வந்துடுச்சாடா" என்றார். செம்பை மூக்கருகே கொண்டுபோனேன். மோந்து பார்த்தார். "புதுத் தண்ணி" என்றார். வாயைத் திறந்தார்.

முதல் மடக்கு இறங்கியது. இரண்டாவதில் இருமினார். இருமல் முடிவதற்குள் மூன்றாவது. பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டேன். குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும்போது அப்படித்தானே செய்கிறோம். கையை எடுத்தால் மேலே துப்பிவிடுவார். படுக்கை நனையும். மாற்ற நாகம்மாளும் இல்லை.

நடுவில் அவருடைய வலது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கைக்கு இனி உயிர் வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் நாகம்மாள் அந்த விரல்களை மடக்கி மடக்கிப் பழக்குவாள். பலன் கொடுத்திருக்கிறது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்ல முடியாத சூழ்நிலை.

பதினொன்றே கால் ஆயிற்று. செம்பில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நூறு மில்லி பாட்டிலை எடுத்து அதில் ஊற்றினேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, 'காவிரி' என்று எழுதி, பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். கட்டிலை மறுபடி உயர்த்தினேன். வாயைத் துடைத்துவிட்டேன். பிறகு ஈஸ்வரிக்கு ஃபோன் செய்தேன்.

மருத்துவர் வந்து நாடி பார்த்தார். வயதைக் கேட்டார். எழுதிக் கொடுத்தார். ஐஸ் பெட்டி வந்தது. எல்லாம் அட்டவணைப்படி நடந்தது.

மறுநாள் விடிந்ததும் அத்தை வந்தது. ஒரு மூச்சு அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது.

"எத்தன மணிக்குடா போச்சு?"

"பதினொன்னே கால் அத்தை."

அது நேராகச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டிக்குப் போயிற்று. முந்தின நாள் தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. தினமும் பெரியப்பா சொல்லி நாகம்மாள்தான் கிழிப்பாள். கிழித்ததும் அவருக்கு அன்றைய நட்சத்திரம் படித்துக் காட்ட வேண்டும். நாற்று விடவும் அவர் நட்சத்திரம் பார்ப்பார், முடி வெட்டவும் பார்ப்பார். ஆடிப்பெருக்கு அவசரத்தில் அன்று கிழித்ததோடு சரி, யாரும் படித்துக் காட்டவில்லை.

அத்தை தாளை முகத்தருகே வைத்துப் படித்தது. "அவிட்டம் பத்து மணிக்கே முடிஞ்சிருக்கு. சதயம்."

என் பக்கம் திரும்பியது.

"சதயம்டா. அடைப்பு. ஆறு மாசம்."

உங்களுக்குத் தெரிந்திருக்கும். சில நட்சத்திரங்களில் உயிர் போனால், போன அறையை அடைத்துவிடுவார்கள். சதயத்துக்கு ஆறு மாதம். தினமும் சாயங்காலம் அந்த வாசற்படியில் விளக்கு ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டு வழக்கப்படி அதைக் கொள்ளி வைத்தவன்தான் ஏற்ற வேண்டும். ஆறு மாதமும் அவன் வெளியூரில் தங்கக் கூடாது. என் அலுவலகத்தில் இருந்த கடைநிலை ஊழியருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். நான் தேதியைப் பார்த்தேன். கிழமையைப் பார்த்தேன். விமான நேரத்தைப் பார்த்தேன். தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. அந்த நட்சத்திரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவன் நான்.

சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு திரும்பியபோது அறையில் பூட்டு தொங்கியது. சாவி அத்தையின் சுருக்குப் பையில். பெட்டி உள்ளே. பாஸ்போர்ட் பெட்டியில். மறந்துவிடக் கூடாது என்று ஜூலையிலேயே வைத்திருந்தேன்.

"உள்ள என் பெட்டி இருக்கு அத்தை."

"இருக்கட்டும். பெட்டி செத்தா போயிடும்?"

"கப்பலுக்குப் போகணும்."

"கொள்ளி வெச்ச கை ஈரம் காயல, கப்பலாம். தை மாசத்துக்கு மேல போ. கடல் எங்கயும் போகாது."

படித்தவர்களிடம் விளக்கலாம். அத்தையிடம் முடியாது. பதினாறு நாளும் விளக்கு ஏற்றினேன். மொட்டை அடித்துக்கொண்டேன். குழுவில் இரங்கல் வந்தது. நாற்பது கைகூப்பல்கள், சதயத்துக்கு வந்ததைவிட ஒன்பது அதிகம். பேச்சு உண்டுதானே சார் என்று சுவேதா தனியாகக் கேட்டாள். உண்டு என்றேன்.

பதினெட்டாம் தேதி கருமாதி முடிந்து அத்தை சாவியோடு ஊருக்குப் போனது. பத்தொன்பது காலை அம்மிக்குழவியை எடுத்து வந்து பூட்டை உடைத்தேன். மூன்று அடி. ஈஸ்வரி பின்னால் நின்றாள்.

"நான் வரலை" என்றாள்.

"சரி. பட்டியலைப் படி. நான் சரிபார்க்கிறேன்."

அலுவலகத்தில் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் படிக்க, ஒருவர் தொட்டுப் பார்க்க. மூடியின் உள்பையிலிருந்த தாளை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். நான் ஒவ்வொன்றாகத் தொட்டு, உண்டு, உண்டு என்றேன். செருப்பு. மாத்திரை. டார்ச். சட்டை ஆறு.

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் அட்டவணை. அவள் அதையும் படித்தாள். நான் தடுக்கவில்லை. அதில் மறைக்க எதுவும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. நன்றாகப் போட்ட அட்டவணை.

"ஆகஸ்டு மூணு. ஈஸ்வரி, நாகம்மாள் ஆத்துக்கு. ஆத்துத் தண்ணி. பெரியப்பாவுக்கு ஒரு செம்பு. மிச்சம் பாட்டிலுக்கு, நூறு மில்லி."

"உண்டு" என்று பாட்டிலைத் தொட்டேன்.

"ஆகஸ்டு பதினெட்டு. கருமாதி. மொட்டை. தொப்பி."

"உண்டு."

அவள் தாளின் மேல் ஓரத்தைப் பார்த்தாள். நான் எதற்கும் தேதி போடுவேன்.

"இது எப்ப எழுதினது?"

"ஜூலை ஒன்பது. அங்கேயே போட்டிருக்கே."

அவள் சுவரைப் பார்த்தாள். அங்கே என் கையெழுத்தில் பெரிய எழுத்துகள் இருந்தன. பிறகு என் மொட்டைத் தலையைப் பார்த்தாள். தாளை நான்காக மடித்துக்கொண்டு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். கூப்பிட்டேன். பட்டியலில் இன்னும் ஏழு பொருள் பாக்கி இருந்தது. திரும்பவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு வேலையை அவள் பாதியில் விட்டது அன்றுதான். நீங்கள் வந்தபோது நான் பெட்டியைத் தராசில் தொங்கவிட்டிருந்தேன். பதினான்கு கிலோ எண்ணூறு. நீங்களும் பார்த்தீர்கள்.

ஆமாம். நான்தான் செய்தேன். தண்ணீர் என் கை, மூக்கைப் பிடித்தது என் கை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். என் மீது தவறு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு தவறு இருக்கிறது. நாள் குறிப்பதற்கு முன்னால் நட்சத்திரத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்த மாதிரி விஷயங்களை எங்கள் வீட்டில் எப்போதும் பெரியப்பாதான் பார்ப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வேறு நாள் சொல்லியிருப்பார்.